ஹெட் ஹார்பர் மரக் கலங்கரை விளக்கம்: ஓதம் பார்த்துப் போய்வருவது எப்படி?

வழிநடை (ஜூலை 6, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள லூபெக் என்னும் சிறிய துறைமுக ஊரில் இரண்டு இரவுகள் தங்கவிருக்கிறோம். அங்கிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவு வந்துவிடுகிறது. அத்தீவின் வட முனையில் 1829-ஆம் ஆண்டு மரத்தாலேயே எழுப்பப்பட்ட ஹெட் ஹார்பர் கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது என்றும், அந்த மாகாணத்தில் எஞ்சியிருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது என்றும் படித்தேன். வெள்ளை நிற எண்கோணக் கோபுரத்தின் மீது பெரிய சிவப்புச் சிலுவை வரையப்பட்ட அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் பத்து வயது மகன் வேறு பேச்சே பேசுவதில்லை.

கோபுரம் இருக்கும் பாறைத் திட்டுக்குக் கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே நடந்து போக முடியுமாம். உடன் வரும் என் அம்மாவுக்கு வயது 68. நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் அடிக்கடி மக்கர் செய்யும். அவரையும் கூட்டிக்கொண்டு திட்டு வரை போகலாமா, எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பதைப் போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் எல்லோருக்கும் இரு நாட்டு விசாக்களும் உள்ளன.

ஓதநீர் (ஜூலை 6, இரவு 11.15)

வழிநடை அவர்களுக்கு, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை.

அங்கே நீங்கள் கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை, கடல் முடிவு செய்கிறது. காம்போபெல்லோ, ஃபண்டி விரிகுடாவின் வாயில் இருக்கிறது. அந்த விரிகுடாவில் நீர் ஒருமுறை உள்ளே போய்த் திரும்பி வர இயல்பாக எடுக்கும் காலமும், நிலவு எழுப்பும் ஓதத்தின், அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கத்தின், காலமும் (12 மணி 25 நிமிடம்) ஏறத்தாழ ஒத்துப்போவதால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல ஒவ்வோர் ஓதமும் அடுத்ததைப் பெருக்குகிறது. விரிகுடாவின் உட்கோடியில் நீர்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். வாயில் அவ்வளவு இல்லை. லூபெக்கின் அண்டை ஊரான ஈஸ்ட்போர்ட்டில் சராசரி 5.6 மீட்டர். இதுவே ஓர் இரண்டு மாடி வீட்டின் உயரம்.

இந்த 5.6 மீட்டரும் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதுதான் புதிதாகப் போகிறவர்களுக்குப் பிடிபடாத இடம். மாலுமிகள் பழைய கணக்கு ஒன்றைக் கைக்கொள்வார்கள். நீர் ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என ஏறும். அதாவது வற்றுநேரத்திலிருந்து (நீர் மிகக் கீழே இறங்கியிருக்கும் நேரம்) முதல் மணி முடிய ஏறத்தாழ 47 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கும், "அவ்வளவுதானா" என்று தோன்றும். இரண்டு மணி முடிய 1.4 மீட்டர் ஆகிவிடும். மூன்று மணி முடிய 2.8 மீட்டர், நீங்கள் நடந்து வந்த தரை நீருக்கு அடியில்.

கரையில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையும் இதையே சொல்கிறது: நீர் மணிக்கு ஐந்து அடி ஏறும், மாட்டிக்கொண்டால் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், நீரோட்டம் கடுமை, நீர் மிகக் குளிர்ச்சி, ஆகவே நீந்தவோ இறங்கி நடக்கவோ முயல வேண்டாம். பலகையைப் படம் எடுப்பவர்கள் அதிகம், படிப்பவர்கள் குறைவு.

என் யோசனை இதுதான். வற்றுநேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்குங்கள், வற்றுநேரம் கடந்து ஒரு மணி ஆவதற்குள் இக்கரை ஏறிவிடுங்கள். சிலர் இரு பக்கமும் இரண்டு மணி என்பார்கள்; வயதானவரும் சிறுவனும் கூட இருக்கையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே அன்றைக்கென எழுதி வைத்திருக்கும் நேரம் எதுவோ, அதுவே இறுதியானது.

கீழ்க்காற்று (ஜூலை 7, காலை 7.05)

ஓதநீர் அவர்களின் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் திட்டுக்குப் போயே ஆகவேண்டுமா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கோபுரத்தின் அழகு முழுவதும் அதைத் தள்ளி நின்று பார்ப்பதில் இருக்கிறது. வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து சில எட்டுகள் நடந்தால் மேட்டின் விளிம்பு வருகிறது. எதிரே திட்டு, அதன் மேல் கோபுரம், காவலர் வீடு, மூடுபனிச் சங்குக் கட்டடம் (பனி கவிந்தால் கப்பல்களை எச்சரிக்க ஒலி எழுப்பும் இடம்), படகுக் கொட்டகை எல்லாம் சிவப்புக் கூரைகளோடு ஒரே பார்வையில் அடங்கும். அருகே போய்விட்டால் சிலுவையின் ஒரு கை கண்ணில் படும், மறு கை படாது; கழுத்தை ஒடித்துக்கொண்டு வெள்ளைச் சுவரை அண்ணாந்து பார்ப்பீர்கள். அதற்காகச் செங்குத்தான இரும்பு ஏணிப்படிகளில் இறங்கி, வழுக்கும் பாசியில் தடுமாறி, ஓடி ஓடித் திரும்பி வருவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நான் இருமுறை போயிருக்கிறேன். இரண்டாம் முறை மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், இரண்டாம் முறைதான் மனத்தில் நிற்கிறது.

தச்சுக்கை (ஜூலை 7, பகல் 1.30)

கீழ்க்காற்று ஐயாவின் பேச்சில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சிலுவையைப் பார்ப்பதற்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் அது தள்ளி இருப்பவர்களுக்காகவே வரையப்பட்டது. பனிக்காலத்தில் பின்னால் இருக்கும் நிலம் வெளுத்துக் கிடக்கும்போது வெள்ளைக் கோபுரம் மாலுமியின் கண்ணுக்குத் தட்டுப்படாது. இரவில் விளக்கு அடையாளம், பகலில் சுவரின் நிறம் அடையாளம். கிழக்குக் கனடாவில் வெள்ளைக் கோபுரங்கள் பலவற்றில் செங்குத்தான சிவப்புப் பட்டைகள் தீட்டியிருப்பதன் காரணமும் இதுவே.

ஆனால் மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போகத்தான் வேண்டும். நான் பழைய மரக் கட்டடங்களைச் செப்பனிடும் தொழிலில் இருப்பவன், ஆகையால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய எண்கோணக் கோபுரத்தின் உடல் எட்டு மூலைத் தூண்களால் ஆனது. எட்டும் நேராக நிற்பதில்லை, உட்பக்கம் சாய்ந்து மேலே ஒன்றையொன்று நெருங்குகின்றன. இந்தச் சாய்வால் எடை அடியில் தங்குகிறது, காற்று அதிகமாக இருக்கும் உச்சியில் காற்றுக்கு எதிர்ப்படும் பரப்பும் குறைகிறது. தூண்களுக்கு இடையே ஒவ்வொரு தளத்திலும் உத்திரங்கள், உத்திரங்களுக்கு இடையே மூலைவிட்டமாகக் குறுக்குச் சட்டங்கள். சதுரக் கோபுரத்தில் ஒரு முகம் முழுக் காற்றையும் நேராக வாங்கும். எட்டு முகம் என்றால் எந்தத் திசைக் காற்றும் சறுக்கிக்கொண்டு போகும். இதன் மேல் பலகையோ மர ஓடோ போர்த்திவிட்டால் அந்தப் போர்வையே சட்டகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சாய்ந்த தூணில் கிடைமட்ட உத்திரத்தைப் பொருத்துவதுதான் இதில் உள்ள சூட்சுமம். எந்த இணைப்பும் செங்கோணத்தில் வராது. ஒவ்வொரு துளையும் அதில் செருகும் முனையான கழுந்தும் இரண்டு திசையில் சரிந்திருக்க வேண்டும். வீடு கட்டும் தச்சருக்கு இது தலைவலி. வளைவும் சரிவும் அன்றாட வேலையாக இருக்கும் கப்பல் தச்சருக்கு இது பழகிய கை. அந்தக் கரையில் அந்தக் காலத்தில் கப்பல் கட்டாத துறை இல்லை. கோபுரம் புயலில் சற்று முனகும், அசையும், பிறகு பழைய நிலைக்கே வந்துவிடும். அப்படி அசைவதால்தான் முறியாமல் நிற்கிறது.

நடுநிசி வாசகி (ஜூலை 8, இரவு 12.50)

சுற்றிலும் பாறையாகவே கிடக்கும் இடத்தில் ஏன் மரத்தால் கட்டினார்கள் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். பக்கத்தில் லூபெக் நிலப்பரப்பில் இருக்கும் வெஸ்ட் குவாடி ஹெட் கோபுரம் செங்கல்தானே? விளக்கு எரியும் இடத்தில் மரத்தை வைப்பது நெருப்போடு பஞ்சை வைப்பதுபோல் இல்லையா?

தச்சுக்கை (ஜூலை 8, காலை 8.20)

நல்ல கேள்வி அம்மா. வெஸ்ட் குவாடியில் 1808-இல் முதல் கோபுரம் எழுந்தது. இப்போது சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக நிற்கும் செங்கல் கோபுரம் 1858-இல் கட்டப்பட்டது. அது நிலத்தோடு ஒட்டிய இடம், பொருளைக் கொண்டு சேர்ப்பது எளிது. ஹெட் ஹார்பரில் ஒவ்வொரு கல்லையும் படகில் ஏற்றித் திட்டில் இறக்கி, அங்கே சுண்ணாம்புக் கலவை குழைத்து, ஈரக் காற்றில் அது இறுகுமா என்று காத்திருக்க வேண்டும். மரம் என்றால் கரையில் வைத்தே அளந்து வெட்டித் துளையிட்டு, எண் குறித்து, படகில் கொண்டுபோய் அங்கே கோத்து நிமிர்த்திவிடலாம். காடு பக்கத்திலேயே இருந்தது. செலவும் குறைவு, அதை மறைப்பானேன். 1867-இல் கனடா ஒரு நாடாக இணைந்த பிறகு அரசு நூற்றுக்கணக்கான சிறு மரக் கோபுரங்களை ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கடற்கரை நெடுகக் கட்டித் தள்ளியதற்கும் இந்தச் சிக்கனமே காரணம். கரை அரித்தால் மரக் கோபுரத்தைப் பெயர்த்து உருளைகள் மேல் நகர்த்தவும் முடிந்தது.

நெருப்புப் பயம் உண்மைதான். கனடாவின் முதல் கலங்கரை விளக்கம் லூயிபூர் என்னும் இடத்தில் 1734-இல் கட்டப்பட்டது; உடல் கல்லாக இருந்தும் உச்சியில் விளக்கறை மரத்தால் ஆனதால் இரண்டே ஆண்டுகளில் அது தீக்கிரையானது. ஆனால் நெருப்பைவிட மரக் கோபுரத்துக்கு மெதுவான எதிரி ஒன்று உண்டு, அது தேங்கும் நீர். அடியில் கல் அடித்தளத்தின் மேல் படுத்திருக்கும் அடிச்சட்டத்தைப் பாருங்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அங்கே ஓர் ஓரத்தில் தங்கினால் போதும், சாயத்தின் பின்னால் மரம் சத்தமில்லாமல் மக்கத் தொடங்கும். உப்பு நீர் தெறிப்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். மரத்தை மக்கவைப்பது பெரும்பாலும் மழைநீர்தான். பூஞ்சைக்கு உப்பு அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு கத்தி முனையால் அடிச்சட்டத்தை அழுத்தினாலே அதன் ஆயுள் தெரிந்துவிடும் (உங்கள் மகனைக் கத்தியோடு அனுப்பிவிடாதீர்கள், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும்).

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அந்த மரம் நிற்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் தூரிகையோடும் சுத்தியலோடும் அந்தத் திட்டுக்கு ஓதம் பார்த்துப் போய்வந்திருக்கிறார் என்று பொருள். இப்போது அந்த வேலையை ஹெட் ஹார்பர் விளக்கு நிலைய நண்பர்கள் என்னும் தன்னார்வக் குழுவினர் செய்துவருகிறார்கள்.

பனிமூட்டம் (ஜூலை 8, மாலை 6.45)

என் கதையைச் சொன்னால் வழிநடைக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். நான் அந்தத் திட்டில் மாட்டிக்கொண்டவள். தவறு முழுக்க என்னுடையது.

லூபெக்கில் தங்கியிருந்தேன். ஈஸ்ட்போர்ட்டுக்கான ஓத அட்டவணையைப் பார்த்துக் காலை 10.20 மணிக்கு வற்றுநேரம் என்று தாளில் குறித்துக்கொண்டேன். பாலத்தைக் கடந்து தீவுக்குப் போனதும் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது, ஏனென்றால் தீவு அட்லாண்டிக் நேரத்தில் ஓடுகிறது, லூபெக் அதற்கு ஒரு மணி பின்னால் இருக்கும் கிழக்கு நேரத்தில் ஓடுகிறது. தீவு நேரப்படி வற்றுநேரம் 11.20 ஆக வேண்டும். இதுவரை எனக்கும் தெரிந்தேயிருந்தது. ஆகவே 11.20 என்று திருத்தி எழுதினேன். திட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஆற அமரச் சுற்றினேன். இடையில் கைப்பேசி எதிர்க்கரையில் உள்ள கைப்பேசிக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்து மீண்டும் அமெரிக்க நேரத்துக்கு மாறியிருக்கிறது. திரையில் 11.25 என்று பார்த்து, இப்போதுதானே வற்றியிருக்கிறது, இன்னும் நேரம் கிடக்கிறது என்று பாறையில் சாய்ந்து முக்கால் மணி நேரம் திமிங்கிலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அப்போதே தீவு நேரம் 12.25.

நான் ஏணிப்படிக்கு வந்தபோது, வந்த வழியில் சாம்பல் நிற நீர் சலசலப்பே இல்லாமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அலை இல்லை, நுரை இல்லை; ஆழம் முழங்கால் அளவுதான் இருக்கும்போல் தோன்றியது. ஒரு காலை வைத்துப் பார்த்தேன். கோடையிலும் பத்துப் பாகை அளவே சூடுள்ள நீர். கணுக்காலை யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் வலித்தது. காலை எடுத்துவிட்டேன். இந்த ஒரு முடிவை மட்டும் அன்று சரியாக எடுத்தேன்.

மிச்சப் பகலும் மாலையும் திட்டில்தான். பசியைவிடக் குளிர்தான் படுத்தியது. இருட்டத் தொடங்கியதும் உச்சியில் சிவப்பு விளக்கு, சிமிட்டாமல், நிலையாக எரிவது தெரிந்தது. அந்த வெளிச்சம் எனக்காக இல்லை, கடலில் இருப்பவர்களுக்காக என்பதும் அப்போது நன்றாகவே புரிந்தது. நீர் வடிந்து கைவிளக்கின் ஒளியில் இக்கரை சேர்ந்தபோது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆகவே கைப்பேசியை நம்பாதீர்கள். முள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரத்தைத் தீவு நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை லூபெக் நேரத்தில் இருந்தால் ஒரு மணி கூட்ட வேண்டும், தீவு நேரத்தில் இருந்தால் கூட்டக் கூடாது. எந்த அட்டவணை என்பதையும் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

கீழ்க்காற்று (ஜூலை 8, இரவு 8.10)

பனிமூட்டம் அம்மாவின் அனுபவத்தைப் படித்தபின் என் கட்சி இன்னும் வலுப்பட்டுவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அவர் எட்டு மணி நேரம் பார்த்ததை நான் பார்க்கவில்லையே என்று கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

வழிநடை அவர்களின் அம்மாவைப் பற்றி: ஏணிப்படிகள் செங்குத்தானவை, அவற்றுக்கு இடையே ஒரு சிறு பாலமும், பிறகு உருண்டைக் கற்களும் பாசியும் நிறைந்த கடல் தரையும் உண்டு. அங்கே வளரும் பழுப்புப் பாசியில் சிறு சிறு காற்றுக் குமிழ்கள் இருக்கும். மிதித்தால் சோப்பு மேல் மிதித்ததுபோல. அடிக்கடி சண்டித்தனம் செய்யும் முழங்காலோடு அதில் நடக்க வேண்டாம். அவர் மேட்டில் இருக்கட்டும். ஒரு நல்ல இருகண்ணோக்கியும் கம்பளியும் கொடுத்துவிடுங்கள். கோடையின் பிற்பகுதியில் அந்த முனையை ஒட்டியே மிங்கே திமிங்கிலங்களும் துடுப்புத் திமிங்கிலங்களும் இரை தேடி வரும். குறுகிய வழியில் ஓதம் பாய்வதால் அடிநீர் கிளறப்பட்டு மேலே வருகிறது, அதைத் தேடி மீன் வருகிறது, மீனைத் தேடி அவை வருகின்றன.

அவர் ஒரு மரக் கோபுரத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினால், பாலத்துக்கு மிக அருகில் 1885-இல் கட்டிய முல்ஹாலண்ட் முனைக் கோபுரம் இருக்கிறது. அதுவும் எண்கோணம், அதுவும் மரம். வாகனத்தில் பக்கத்திலேயே போய் இறங்கலாம். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தை ரூசுவெல்ட் குடும்பத்தின் கோடை வீட்டில் கழியுங்கள். 34 அறைகள் கொண்ட அந்த வீட்டில்தான் 1921 ஆகஸ்டில் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூசுவெல்ட்டுக்குக் கால்களை முடக்கிய நோய் கண்டது. 1964 முதல் இரு நாடுகளும் சேர்ந்து அதைப் பூங்காவாக நடத்துகின்றன.

நடுநிசி வாசகி (ஜூலை 9, இரவு 1.15)

கீழ்க்காற்று ஐயா முதல் பதிவில் குறிப்பிட்ட மூடுபனிச் சங்குக் கட்டடத்தைப் பற்றி யாரும் மேற்கொண்டு எழுதவில்லை. அது இந்த விரிகுடாவோடு நெருங்கிய தொடர்புள்ள கருவி என்பதால் ஒரு சிறு இடைச்செருகல். நீராவியால் ஊதும் மூடுபனிச் சங்கை முதன்முதலாக 1859-இல் நிறுவிய இடம், இதே ஃபண்டி விரிகுடாவில், செயிண்ட் ஜான் துறைமுகத்தின் வாயிலில் உள்ள பார்ட்ரிட்ஜ் தீவு. அதை வகுத்தவர் ராபர்ட் ஃபவுலிஸ். மூடுபனியில் வீடு திரும்பும்போது மகள் வாசிக்கும் பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மட்டும் தமக்குக் கேட்டதைக் கவனித்துத்தான் அவர் சங்குக்குத் தாழ்ந்த ஒலியைத் தேர்ந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, நிறுவியது உண்மை. மூடுபனி கவிந்த நாளில் போக நேர்ந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள் என்பதற்காக இதைச் சொன்னேன். அந்த நாள்களுக்காகத்தான் அந்தக் கட்டடமே இருக்கிறது.

ஓதநீர் (ஜூலை 9, காலை 6.30)

நான் முன்பு விட்டுவிட்ட இரண்டைச் சேர்க்கிறேன். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் நீர் வழக்கத்தைவிட அதிகமாக வற்றும், அதே அளவுக்கு வேகமாகவும் ஏறும். நான் தந்த 47 சென்டிமீட்டர், 1.4 மீட்டர் எல்லாம் சராசரி நாளுக்கானவை. மற்றொன்று, வற்றுநேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இரண்டு நாள் தங்குகிறீர்கள் என்பதால் முதல் நாளிலேயே வாய்ப்பைப் பயன்படுத்துங்கள், மூடுபனியோ மழையோ கெடுத்தால் மறுநாள் கையில் இருக்கும்.

விசா உள்ளது என்றீர்கள். பாலம் வழியாகத் திரும்பும்போது மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைகிறீர்கள், எனவே அம்மாவின் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

வழிநடை (ஆகஸ்டு 19, இரவு 10.05)

போய்வந்தோம். வழிகாட்டிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நாள் மூடுபனி. மேட்டிலிருந்து பார்த்தால் எதிரே ஒன்றுமே இல்லை, திட்டு இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் மகன் நம்பத் தயாராக இல்லை. நடுநிசி வாசகியின் பதிவை அங்கேயே அவனுக்குப் படித்துக் காட்டினேன். முல்ஹாலண்ட் கோபுரத்தையும் ரூசுவெல்ட் வீட்டையும் அன்றே முடித்துக்கொண்டோம். முல்ஹாலண்ட்டில் அம்மா சுவரில் கையை வைத்து, "இதைப் போய்க் கலங்கரை விளக்கம் என்கிறார்களே, நம்மைவிட நாலு மடங்கு உயரம்கூட இருக்காதுபோல் இருக்கிறதே" என்றார். அளவில் அவர் பிசகினார், ஆனால் நானும் அப்படித்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஹெட் ஹார்பர் கோபுரமே 51 அடிதான். பாறையின் மேல் நிற்பதால் பெரிதாகத் தெரிகிறது.

மறுநாள் வானம் துலங்கிவிட்டது. பனிமூட்டம் அவர்கள் சொன்னபடி தீவு நேரத்துக்குத் திருப்பிய கைக்கடிகாரத்தை மகன் கட்டிக்கொண்டான்; யாரும் அவனைக் கேட்காமல் நேரம் பார்க்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். வற்றுநேரத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் முன்னதாக இறங்கினோம். பாசி பற்றிக் கீழ்க்காற்று ஐயா சொன்னதில் மிகையே இல்லை, நான் ஒருமுறை உட்கார்ந்தே விட்டேன். பாறைகளை ஒட்டியிருந்த சிறு சிப்பிகள்தான் காலுக்குப் பிடிமானம் கொடுத்தன. வெள்ளையாகச் சொரசொரப்பாக இருக்கும் இடம் பார்த்துக் கால் வைத்தால் வழுக்கவில்லை.

கோபுரத்தின் கதவு அன்று பூட்டியிருந்தது. தச்சுக்கை அவர்கள் எழுதியதை நினைவில் வைத்துச் சுவரை ஒட்டி நின்றோம். மகன் காதை மரத்தில் வைத்தான். காற்று ஒரு வீச்சு வந்து ஓயும்போதெல்லாம் உள்ளே எங்கோ ஒரு முனகல் எழுந்து அடங்கியது, மூங்கில் கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல. நான்கைந்து முறை மாறி மாறிக் கேட்டோம். அடிச்சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். எட்டு முகத்தையும் சுற்றிவந்து, "எல்லாம் கெட்டியாக இருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் சாயம் உப்பியிருக்கிறது" என்று எனக்கு அறிக்கை கொடுத்தான். தச்சுக்கை அவர்கள் அடுத்த முறை போகும்போது கடலைப் பார்த்த முகத்தின் இடது மூலையைப் பாருங்கள்.

வற்றுநேரம் கடந்து ஐம்பதாவது நிமிடத்தில் இக்கரை ஏறிவிட்டோம். அப்போது நீர் ஏறியதாகவே தெரியவில்லை, இன்னும் அரை மணி இருந்திருக்கலாமே என்று மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டான். அதனால் மேட்டில் அம்மாவோடு உட்கார்ந்து, ஓதநீர் அவர்களின் கணக்கைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கீழே இரும்பு ஏணியின் படிகள் இருகண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தன. முதலில் வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாசிப் படுகையின் நடுவே ஒரு கோடு மின்னியது, சற்று நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த நீர் ஒன்றை ஒன்று தொட்டது, நாங்கள் நடந்த வழி மூடிக்கொண்டது. மூன்றாவது மணியில், மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் குறித்துவைத்தபடி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 13 நிமிடம், 12 நிமிடம், 12 நிமிடம். படிகளுக்கு இடையே ஓர் அடி இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஐந்து அடி சரியாக வருகிறது.

திமிங்கிலம் எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கரிய முதுகு ஒன்று மூன்று முறை எழுந்து அமிழ்ந்ததாக அம்மா சொல்கிறார். கூப்பிட்டுப் பார்த்தாராம், காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை.

கீழ்க்காற்று (ஆகஸ்டு 20, காலை 7.20)

மூன்று முறைக்குப் பிறகு நெடுநேரம் எழவில்லையா என்று அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள். முதுகில் துடுப்பு எங்கே இருந்தது, நடுவிலா, வாலை ஒட்டியா என்பதையும் கேளுங்கள். வாலை ஒட்டி இருந்தால் அது துடுப்புத் திமிங்கிலமாக இருக்கலாம்.

வழிநடை (ஆகஸ்டு 20, மாலை 5.55)

கேட்டேன். வெகுவாகப் பின்னால் இருந்ததாம், அதன் பிறகு எழவேயில்லையாம். மேட்டில் உட்காரச் சொன்னது யார் என்று கேட்டார், உங்கள் பெயரைச் சொன்னேன்.